கன்ட்ரோலர் திரையில் நூறு, கூடாரத்தில் இருட்டு

கூடாரம் போட்டுத் தங்கும் பலர் லெட்-ஆசிட் பேட்டரியை விட்டு லித்தியத்துக்கு மாறிவிட்டார்கள். சோலார் பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் உள்ள அளவுகள் மட்டும் பழைய பேட்டரிக்கு வைத்தபடியே இருக்கின்றன. இம்முறை வந்த கடிதங்கள் எல்லாமே ஏதோ ஒரு வழியில் அதைச் சுற்றித்தான் வந்தன. கீழே நான் தரும் அளவுகள் 12 வோல்ட் அமைப்புக்கானவை. லித்தியம் என்று மட்டும் சொன்னால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி, 120 வாட் மடக்குப் பேனல், முன்பிருந்தே வைத்திருக்கும் பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் (பேனலைப் பேட்டரியின் வோல்ட்டுக்கே இழுத்து ஏற்றும் எளிய வகை). பேட்டரி காரின் பின்பக்கம் இருக்கிறது. கன்ட்ரோலரைக் கூடார வாசலில் கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறேன். இடையே 4 மீட்டர் வயர். சின்ன கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் கன்ட்ரோலரின் லோட் முனையில் ஓடுகிறது. பேட்டரி கெட்டுவிடக் கூடாதே என்று, வோல்ட் இறங்கினால் லோடைத் துண்டிக்கும் கட்-ஆஃபை 12.4 வோல்ட்டில் வைத்தேன். மத்தியானத்துக்குள் திரையில் 100 சதவீதம் வந்துவிடுகிறது. நள்ளிரவு தாண்டினால் ஃப்ரிட்ஜ் நின்றுவிடுகிறது. பேட்டரி போலியா சார்?

பேட்டரியைச் சந்தேகப்பட இன்னும் காரணம் கிடைக்கவில்லை. முதலில் அந்த 100 சதவீதத்தை மறந்துவிடுங்கள். சாதாரண கன்ட்ரோலர் பேட்டரிக்குள் எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று கணக்கு வைப்பதில்லை. தன் முனையில் தெரியும் வோல்ட்டைப் பார்த்து ஒரு சதவீதத்தைப் போட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான். லெட்-ஆசிட்டுக்கு அது ஓரளவு சரியாக வரும். நிறைந்து ஓய்வில் இருந்தால் 12.7, பாதியானால் 12.1 என்று வோல்ட் படிப்படியாக இறங்கும். லித்தியத்தின் வோல்ட் சரிவு அல்ல, சமவெளி. நிறைந்து ஓய்வில் இருக்கும்போது 13.3 அல்லது 13.4, பாதி தீர்ந்தபின் 13.1-ஐ ஒட்டி, ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும்போதும் 12.9 பக்கம். பேனலிலிருந்து சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது வோல்ட் இன்னும் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். லெட்-ஆசிட் கணக்கில் பார்க்கும் கன்ட்ரோலருக்கு இவை எல்லாமே ‘நிறைந்துவிட்டது’தான். உங்களுக்கு மத்தியானம் 100 வந்தபோது பேட்டரி பாதிகூட ஏறாமல் இருந்திருக்கலாம்.

அடுத்தது அந்த 4 மீட்டர் வயர். என் சந்தேகம் முழுக்க அதன் மேல்தான். தடிமனை நீங்கள் எழுதவில்லை. 1.5 சதுர மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். போக 4, வர 4 என்று மொத்தம் 8 மீட்டர் செம்பு. அதன் மின்தடை ஏறக்குறைய 0.09 ஓம். ஃப்ரிட்ஜ் 5 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே அரை வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகத் தொலைகிறது. கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் 10 ஆம்பியர் போனால் 0.9 வோல்ட். பேட்டரி முனையில் 13.1 இருக்கும்போது கன்ட்ரோலருக்கு 12.2 தெரியும். நீங்கள் வைத்த கட்-ஆஃப் 12.4. அது தன் கடமையைச் செய்து லோடைத் துண்டிக்கிறது. பேட்டரியில் பாதி சார்ஜ் மிச்சம் இருக்கிறது, ஃப்ரிட்ஜ் நிற்கிறது.

பகலிலும் இதே வயர் உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது, ஆனால் மறுபக்கமாக. 6 ஆம்பியருக்கு மேல் சார்ஜ் ஓடும்போது கன்ட்ரோலர் 14.4 என்று அளக்கும். பேட்டரியில் இருப்பது 13.8. இலக்கை அடைந்துவிட்டோம் என்று நினைத்து அது கரண்டைக் குறைக்கத் தொடங்கும். சில கன்ட்ரோலர்கள் அந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓட்டி, நேரம் முடிந்ததும் ஃப்ளோட்டுக்கு, அதாவது நிறைந்த பேட்டரியை அப்படியே பிடித்துவைக்கும் குறைந்த வோல்ட்டுக்கு, இறங்கிவிடும். நல்ல வெயில் இருந்தும் பேட்டரி முழுதாக ஏறாது.

எனவே எந்த பட்டனையும் தொடுவதற்கு முன் கன்ட்ரோலரைக் கழற்றிப் பேட்டரிக்குப் பக்கத்தில், அரை மீட்டருக்குள் மாட்டுங்கள். நீள வயர் பேனல் பக்கம் போகட்டும். பி.டபிள்யூ.எம். வகையில் அந்தப் பக்கம் அரை வோல்ட் போனால் நஷ்டமில்லை. உங்கள் பேனல் 18 வோல்ட் அளவில் வேலை செய்வது. அங்கே தாராளமாக மிச்சம் உண்டு. பேட்டரி பக்கம்தான் ஒரு பத்தில் ஒரு பங்கு வோல்ட்டுக்கும் விலை இருக்கிறது. ஃப்ரிட்ஜுக்குப் போகும் வயரும் தடிமனாக இருக்கட்டும், ஏனென்றால் ஃப்ரிட்ஜுக்குள்ளும் தனியாக ஒரு கட்-ஆஃப் இருக்கும்.

இதெல்லாம் ஊகமா உண்மையா என்று நீங்களே பார்த்துவிடலாம். மல்டிமீட்டர் இல்லாமல் பேட்டரியோடு வெளியே கிளம்பாதீர்கள் என்று யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன். என் பையில் டார்ச்சுக்கு அடுத்த இடம் அதற்குத்தான். இன்றிரவு ஃப்ரிட்ஜ் நின்றதும் நேராகப் பேட்டரி முனைகளில் வைத்து அளங்கள். கன்ட்ரோலர் முனையில் அளக்காதீர்கள். 13-ஐ ஒட்டி வந்தால் நான் சொன்ன வயரும் கட்-ஆஃபும்தான் காரணம். 12 அல்லது அதற்கும் கீழே என்றால் பேட்டரி நிஜமாகவே காலி. பூஜ்யமோ, ஓரிரு வோல்ட்டோ வந்தால் பேட்டரிக்குள் இருக்கும் காவல் சுற்று, அதாவது பி.எம்.எஸ்., தன்னைத் துண்டித்துக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றிக் கீழே இன்னொருவர் கேட்டிருக்கிறார்.

இடம் மாற்றிய பிறகு கன்ட்ரோலரில் அளவுகளை நாமே வைக்கும் ‘யூசர்’ முறை இருந்தால் இப்படி வையுங்கள்: சார்ஜ் உச்சம் 14.2, ஃப்ளோட் 13.5, லோட் கட்-ஆஃப் 12.0, மீண்டும் இணைய 13.0. வெப்பநிலை ஈடு, அதாவது குளிருக்கு ஏற்ப வோல்ட்டைக் கூட்டும் அளவு, பூஜ்யம். ஈக்வலைஸ் என்று ஒன்று இருந்தால் அதை முற்றிலும் அணைத்துவிடுங்கள். அது லெட்-ஆசிட் தட்டுகளில் படியும் சல்பேட்டைக் கரைக்கவும், அமிலத்தைக் கலக்கிவிடவும் வோல்ட்டை வேண்டுமென்றே 15 அளவுக்கு ஏற்றும் முறை. லித்தியத்தில் சல்பேட்டும் இல்லை, அமிலமும் இல்லை. ஏற்றினால் கேடுதான்.

ஃப்ளோட்டே வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். பேட்டரிக்கு அது தேவையில்லை என்பது உண்மை. ஆனால் பகலில் பேட்டரி நிறைந்தபின் ஃப்ரிட்ஜ் ஓட்டத்தைப் பேனலே சுமக்கட்டும் என்பதற்காக 13.5-இல் வைக்கச் சொல்கிறேன். யூசர் முறையே இல்லாத கன்ட்ரோலர் என்றால் ‘ஜெல்’ (லெட்-ஆசிட்டில் ஒரு வகை) என்ற தேர்வைப் பாருங்கள். பெரும்பாலும் 14.2 அளவில் நிற்கும், ஈக்வலைஸும் இருக்காது. அதன் ஃப்ளோட் 13.8 ஆக இருந்தாலும் சில நாள் முகாமுக்குப் பாதகமில்லை.

ஒரு கணக்கையும் பார்த்துவிடுங்கள். 120 வாட் பேனல் பி.டபிள்யூ.எம். வழியாக 6.5 ஆம்பியர் வீதம் 5 மணி நேரம் நல்ல வெயில் வாங்கினால் 32 ஆம்பியர்-மணி சொச்சம். ஓடும்போது 4 ஆம்பியர் இழுக்கும் ஃப்ரிட்ஜ், நாளில் ஐந்தில் இரண்டு பங்கு நேரம் ஓடினால் 38 ஆம்பியர்-மணி. தினமும் 6 குறைகிறது. நிறைந்த பேட்டரியோடு கிளம்பினால் பல நாள் தாங்கும்; பாதியோடு கிளம்பி மழை மேகமும் சேர்ந்துகொண்டால் தாங்காது. அதை எந்த செட்டிங்காலும் சரிசெய்ய முடியாது.

கேள்வி: என்னுடைய கன்ட்ரோலரில் லித்தியம் முறையே இருக்கிறது, 14.6 வோல்ட். பேட்டரி புதிது. மதியம் 14.2 தாண்டியதும் திடீரென்று வோல்ட் எகிறி, ‘ஓவர் வோல்டேஜ்’ என்று எச்சரிக்கை வருகிறது. லோட் முனையில் உள்ள விளக்குகள் மினுக்குகின்றன. ஒரு நிமிடத்தில் சரியாகி, மறுபடியும் அதே கதை. கன்ட்ரோலரை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். பேட்டரிக்குள் 4 செல்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரு செல்லுக்கு உச்சம் 3.65 வோல்ட், நான்குக்கும் சேர்த்து 14.6. நான்கும் ஒரே உயரத்தில் ஏறினால்தான் இந்தக் கணக்கு நிற்கும். புதிய பேட்டரியில் அவை பெரும்பாலும் சமமாக இருப்பதில்லை. மூன்று செல்கள் 3.5-இல் இருக்கும்போது ஒன்று 3.7-ஐத் தொட்டால் மொத்தம் 14.2-தான் வரும். ஆனால் பி.எம்.எஸ். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்க்கிறது. முந்திக்கொண்ட அந்த ஒரு செல்லைக் காப்பாற்றச் சார்ஜ் வழியை அடைத்துவிடுகிறது. அந்த நொடியில் பேனலின் கரண்ட் போக இடமில்லாமல், வோல்ட்டைப் பிடித்துவைக்கப் பேட்டரியும் இல்லாமல், கன்ட்ரோலரின் முனையில் வோல்ட் தாவுகிறது. விளக்கு மினுக்குவது அதனால்தான். மட்டமான கன்ட்ரோலர்களில் இந்தத் தாவல் லோட் முனையில் இருக்கும் பொருளைக் கெடுத்தும்விடும். நுட்பமான பொருள்களைத் தகுந்த ஃப்யூஸ் போட்டு நேராகப் பேட்டரியிலிருந்து எடுங்கள்.

14.6 என்பது தொடக்கூடிய எல்லை. தினமும் போய்ச் சேரவேண்டிய இடம் அல்ல. உச்சத்தை 14.0-க்கு இறக்குங்கள், ஃப்ளோட் 13.5. அந்த அளவிலேயே பேட்டரி ஏறக்குறைய நிறைந்துவிடும், ஏனென்றால் முகாமில் நாம் வைத்திருக்கும் பேனல் மெதுவாகத்தான் ஏற்றுகிறது. நிறைய வெயில் உள்ள சில நாள்களுக்கு, லோடு அதிகம் இல்லாமல், 14.0-இலேயே நேரம் எடுத்து நிற்கவிடுங்கள். பி.எம்.எஸ். முந்திய செல்லின் சார்ஜைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்து மற்றவற்றோடு சமன் செய்யும். அந்தக் கழிப்பு பெரும்பாலும் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, அதனால் அவசரப்பட்டுப் பயனில்லை. துண்டிப்பு நின்றதும் 14.2-க்கு ஏற்றி, அங்கேயே விட்டுவிடுங்கள். இவ்வளவுக்கும் பிறகு 13.8-க்குக் கீழேயே துண்டித்தால் அது செல்லின் குறை. உத்தரவாதக் காலம் முடிவதற்குள் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: பேட்டரி மேல் ‘லித்தியம்-அயன் 11.1 வோல்ட்’ என்று போட்டிருக்கிறது. கன்ட்ரோலரில் லித்தியம் முறை 14.4 வோல்ட். இரண்டும் லித்தியம்தானே, இணைக்கலாமா?

இணைக்காதீர்கள். தயவுசெய்து இப்போதே கழற்றிவிடுங்கள். அது 3 செல் வரிசை, ஒவ்வொன்றும் 4.2 வோல்ட்டில் முழுதாக நிறைவது. மொத்த உச்சம் 12.6. 14.4-ஐக் கொடுத்தால் ஒரு செல்லுக்கு 4.8 வரும். உள்ளே பி.எம்.எஸ். இல்லாமலோ, இருந்தும் பழுதாகியோ இருந்தால் தீப்பிடிக்கும், அதுவும் துணிக் கூடாரத்துக்குப் பக்கத்தில். சில கன்ட்ரோலர்களில் இரண்டு லித்தியம் வகைகளும் தனித்தனிக் குறியீடுகளோடு இருக்கும். எந்தக் குறியீடு எத்தனை வோல்ட் என்பதைக் கூட வந்த தாளில் பார்த்து, சார்ஜ் ஓடும்போது மல்டிமீட்டரிலும் ஒருமுறை உறுதிசெய்யுங்கள். தலைகீழாக வைத்தால், அதாவது 12.8 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டை 12.6 முறையில் வைத்தால், ஆபத்து இல்லை. ஆனால் சார்ஜே ஏறாது. ‘புது பேட்டரி செத்துவிட்டது’ என்று என் மேசைக்கு வருவதில் இதுவும் ஒன்று.

கேள்வி: மலையில் தங்கியிருந்தோம். காலையில் கூடாரத்தின் மேல் உறைபனி. நல்ல வெயில் வந்தும் 9 மணி வரை சார்ஜ் ஏறவேயில்லை, விளக்கு மட்டும் எரிந்தது. கூட வந்த நண்பர் பி.எம்.எஸ்.ஸைத் தவிர்த்து நேராகச் செல்லுக்கு இணைத்துவிடலாம் என்கிறார். மனைவி வேண்டாம் என்கிறார்.

உங்கள் மனைவி சொல்வதைக் கேளுங்கள்.

பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் அயனிகள் செல்லின் எதிர்மின் முனையான கிராஃபைட்டுக்குள் போய் உட்கார நேரம் போதாமல், அதன் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிகின்றன. படிந்ததில் ஒரு பகுதி திரும்பிக் கரைவதில்லை. கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். படிவு ஊசிபோல் வளர்ந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகவும் இடமுண்டு. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அன்று காலை சார்ஜைத் தடுத்த பி.எம்.எஸ். உங்கள் பேட்டரியின் ஆயுளைக் காப்பாற்றியிருக்கிறது. விளக்கு எரிந்ததில் முரண் இல்லை, ஏனென்றால் குளிரில் சார்ஜை எடுக்கலாம், ஏற்றத்தான் கூடாது.

எல்லா மலிவு பேட்டரிகளிலும் இந்தக் குளிர்த் தடை இருப்பதில்லை. உங்களுடையதில் இருக்கிறது, நல்லது. இல்லாதவர்கள் கன்ட்ரோலரில் குறைந்த வெப்பநிலைத் தடை இருக்கிறதா என்று பார்த்து 5 டிகிரியில் வைக்கலாம். அதன் உணரி பேட்டரியின் உடம்பில் ஒட்டியிருக்க வேண்டும். கன்ட்ரோலர் பெட்டிக்குள்ளேயே இருக்கும் உணரி வெயில் பட்டதும் சூடாகிவிடும், பேட்டரி உள்ளே உறைந்தே கிடக்கும். இரவில் பேட்டரியைத் தரையில் வைக்காமல் வண்டிக்குள் ஒரு கம்பளியில் சுற்றி வையுங்கள். நேற்றைய சூட்டைக் கொஞ்சமாவது பிடித்துவைக்கும். காலையில் பேனலை விரிக்க அவசரப்பட வேண்டாம்.

வெப்பநிலை ஈட்டைப் பூஜ்யமாக்கச் சொன்னேனே, அதன் காரணமும் குளிரில்தான் நன்றாகத் தெரியும். லெட்-ஆசிட் முறையில் கன்ட்ரோலர் 25 டிகிரியை நடுவாக வைத்து, குறையும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு செல்லுக்கு 3 மில்லிவோல்ட் கூட்டுவது வழக்கம். 6 செல், 25 டிகிரி இறக்கம் என்றால் 0.45 வோல்ட். 14.4 என்று நீங்கள் வைத்தது, பூஜ்யம் டிகிரிக் காலையில் 14.85 ஆகிவிடுகிறது. லித்தியத்தின் எல்லை 14.6. குளிர் காலையில் மட்டும் வந்து, வீட்டுக்குத் திரும்பிப் பார்த்தால் காணாமல் போகும் பல பழுதுகளின் மூலம் இங்கே இருக்கிறது.

கேள்வி: எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் வாங்கினால் நிஜமாகவே வித்தியாசம் தெரியுமா?

தெரியும். 100 வாட் பேனல் 18 வோல்ட், 5.5 ஆம்பியரில் தன் முழுத் திறனைத் தருகிறது. பி.டபிள்யூ.எம். அதைப் பேட்டரியின் வோல்ட்டுக்கு இழுத்துவிடும், 13.2 × 5.5, ஆகமொத்தம் 73 வாட்தான். எம்.பி.பி.டி. பேனலை 18-இலேயே ஓடவிட்டு, மிகுதி வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும். இரண்டு பேனல்களை வரிசையாக இணைப்பதானால் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சுமை இல்லாதபோது ஒவ்வொன்றும் 22 வோல்ட் என்றால் சேர்த்து 44, குளிரில் இன்னும் கூடும். கன்ட்ரோலரின் பேனல் பக்க எல்லை 50 என்று இருந்தால் நான் இணைக்க மாட்டேன்.

கேள்வி: பேட்டரி முழுக்கக் காலியாகிவிட்டது. இப்போது மல்டிமீட்டரில் 2 வோல்ட் காட்டுகிறது, கன்ட்ரோலரின் திரையே எரியவில்லை. பேனலை நேராகப் பேட்டரியில் கொடுத்து எழுப்பலாமா?

பி.எம்.எஸ். துண்டித்திருக்கிறது. செல்களில் இன்னும் வோல்ட் இருக்கும், வெளி முனைக்குத்தான் வரவில்லை. பேனலை நேராகக் கொடுக்காதீர்கள். 22 வோல்ட் வரை போகும், எங்கே நிறுத்துவது என்று சொல்ல யாரும் இல்லை.

முதலில் பேட்டரியிலிருந்து எல்லா லோடையும் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருங்கள். சுமை நீங்கியதும் செல் வோல்ட் சற்று எழும்பும், சில பி.எம்.எஸ். அதிலேயே திறந்துகொள்ளும். திறக்காவிட்டால், துண்டித்த பேட்டரியை எழுப்பும் வசதி உள்ள லித்தியம் சார்ஜர் வேண்டும். சில கன்ட்ரோலர்களிலும் அந்த வசதி உண்டு. சாதாரண கன்ட்ரோலர் எழுப்பாது. பேட்டரி வோல்ட் தெரிந்தால்தான் அதற்கே உயிர்.

பேட்டரி விழித்த பிறகு இணைக்கும் வரிசை முக்கியம். முதலில் பேட்டரி, அப்புறம் பேனல், கடைசியில் லோடு. கழற்றும்போது லோடு, பேனல், பேட்டரி. 12-ஆ 24-ஆ என்று தானாகக் கண்டுபிடிக்கும் கன்ட்ரோலரில் பேனல் முதலில் போனால், அந்த 22 வோல்ட்டைப் பார்த்து 24 வோல்ட் அமைப்பு என்று எடுத்துக்கொள்ளக்கூடும். அப்படி ஆனால் பேட்டரிக்கு 28 வோல்ட்டை நோக்கித் தள்ளப் பார்க்கும். தானாகக் கண்டுபிடிப்பதை அணைத்து 12 என்று நிலையாக வைக்க வழியிருந்தால் வைத்துவிடுங்கள். நிறைய பேட்டரிகளை இது காப்பாற்றும்.

கேள்வி: அடுத்த பயணம் வரை பேட்டரியை எப்படி வைப்பது? முழுதாகச் சார்ஜ் செய்து வைத்தால் நல்லதா?

லெட்-ஆசிட்டை நிறைத்து வைக்க வேண்டும். லித்தியத்தைப் பாதி அளவில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். கன்ட்ரோலரையும் கழற்றிவிடுங்கள், அது சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டிருக்கும், சில மாதத்தில் பேட்டரி துண்டிக்கும் அளவுக்குக் காலியாகிவிடும். கிளம்புவதற்கு முந்தின நாள் 14.2 வரை ஏற்றி, சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் விட்டு முனையில் அளந்து பாருங்கள். 13.3-க்குக் குறையாமல் நின்றால் வண்டியில் ஏற்றலாம்.